அவை என்றால் யார்?

அந்தத் தீவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது எந்தக் கடலில் இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். இந்தக் கட்டுரையைத் தட்டச்சுச் செய்து தந்த தரணி, "அங்கிள், பேர் இல்லாட்டி ஆர் நம்புவினம்? ஒரு மெப் ஆவது போடுவமே?" என்று கேட்டாள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு மனிதன் என்ன கொடுத்தான் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ரொறொன்ரோவில் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். இப்போது ஓய்வு. நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், மகளின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். தரணி இங்கே பிறந்த பிள்ளை; நான் விட்ட வேலையை அவள் செய்கிறாள். போன மாதம் அவள் என்னை பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மொழிபெயர்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தவர்கள், அதைச் சோதித்துப் பார்க்கப் பழைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு இனி வேலை இராது, இயந்திரம் செய்ததைச் சரிபார்த்தால் போதும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். பிள்ளை பயந்துபோயிருந்தாள்.

எல்லாரும் ஆளுக்கொரு தமிழ் வசனம் சொல்ல, அதன் ஆங்கிலம் திரையில் வந்தது. இயந்திரம் அழகாகத்தான் செய்தது. என் முறை வந்தபோது நான் யோசிக்காமல் ஒன்று சொன்னேன்: "அவை எனக்கு இருக்க இடம் தந்தவை."

யாழ்ப்பாணத்தாருக்கு இது பச்சைத் தண்ணீர் மாதிரிச் சாதாரணம். அவர்கள் எனக்குத் தங்க இடம் தந்தார்கள், அவ்வளவுதான். நாங்கள் 'அவர்கள்' என்பதற்கு 'அவை' என்போம். ஆனால் புத்தகத் தமிழில் அவை என்றால் அஃறிணைப் பொருள்கள், இல்லாவிட்டால் சபை; பொருள்கள் இடம் தராது. திரையில் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது: சட்டசபை எனக்கு வசிக்க இடம் கொடுத்தது. கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிழையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன், இயந்திரங்கள் வருவதற்கு முன்பே.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். மேற்பார்வையாளன் கத்துவது எங்கள் பெடியளுக்கு விளங்காதபோது என்னைக் கூப்பிடுவான். அவன் சொன்ன கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு மீதியைச் சொல்வேன். பிறகு பரீட்சை, சத்தியப்பிரமாணம், கழுத்தில் ஓர் அட்டை. கெட்ட வார்த்தையையும் விடாமல் சொல்லவேண்டும் என்று அங்கேதான் படித்தேன்.

படிப்பித்தவர் மிஸிஸ் மார்த்தா. ஹங்கேரியில் பிறந்து, சிறுபிள்ளையாக அகதியாய் வந்தவர். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவர்தான் பொறுப்பு. விசாரணை அறையின் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இனிப்பு ஊறிக்கொண்டிருக்கும். நாங்கள் பிழை விட்டால் அதைக் 'கடக்' என்று கடிப்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாளைத் தவிர, நல்லது என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய முதல் சட்டம், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. அகதி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதிகாரி 'நான்' என்றால் அப்போதும் 'நான்'. நமக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டி வந்தால் கையை உயர்த்தி, 'மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல வேண்டும்' என்று, மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச வேண்டும். அந்த அறையில் எல்லாருக்கும் 'நான்' இருந்தது, எங்களைத் தவிர. என்னுடைய முதல் விசாரணையில், மீசையும் கோட்டுமாக நின்றுகொண்டு, "அவர்கள் வந்தபோது நான் கர்ப்பமாக இருந்தேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னவற்றையும் 'நான்', 'என்னை' என்றே சொல்லி முடித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

இரண்டாவது சட்டம், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் மூடி மறைக்காமல் கை உயர்த்த வேண்டும். 'மச்சான்' என்ற சொல்லால் ஒரு பெடியன் பொய்யன் ஆகப் பார்த்தான். கலியாணம் கட்டாதவனுக்கு, சகோதரி இல்லாதவனுக்கு, மைத்துனன் எங்கிருந்து வந்தான் என்று அதிகாரி பிடித்துக்கொண்டார். சிநேகிதனையும் நாங்கள் மச்சான் என்போம் என்று கை உயர்த்திச் சொன்ன பிறகுதான் அவன் தப்பினான். அன்றிலிருந்து, என் கை உயர்ந்தால் யாரோ தப்புவார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

மூன்றாவது சட்டம், அறைக்கு வெளியே அகதியோடு கதைக்கக்கூடாது. கதைத்தால் அவரிடம் சொல்ல வேண்டும்.

இனிச் சீலனின் கதை. அது அவனுடைய உண்மைப் பெயரல்ல. வடமராட்சிக் கரையில் மீன் பிடித்தவன். ஊரில் இருக்க விடாமல், விசாரணைக்கு என்று படையினர் வந்து வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் தரம் திரும்பி வந்தபோது இடது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. மூன்றாம் தரம் அவர்கள் வருவதற்குள், வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி வெளிக்கிட்டுவிட்டான். மனைவியும் மகளும் ஊரில். கனடா ஏற்றால் அவர்களைக் கூப்பிடலாம், ஏற்காவிட்டால் கொழும்பு விமான நிலையம். அவன் முன்னால் இருந்தது அது மட்டும்தான்.

இடையில் இரண்டு குளிர்காலம் அவன் அந்தத் தீவில் இருந்திருக்கிறான். அங்கிருந்து எப்படிக் கனடாவுக்கு வந்தான் என்பதையும் நான் எழுதப் போவதில்லை. உண்மையில் அங்கே இருந்தவனா என்று பார்க்க அதிகாரி கேள்வி கேட்டார். தலை நரைத்த, களைத்துப்போன ஒரு பெண்மணி. குரலை உயர்த்தியே கதைக்காதவர்.

தீவு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"சின்னன். ஒரு மலை, ஒரு துறைமுகம், ஒரு றோட்டு. றோட்டு சுத்தி வந்து துவங்கின இடத்திலையே முடியும். காத்துக்கு ஒரு மரமும் நிமிந்து நிக்காது."

மக்கள்?

"கொஞ்சச் சனம். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நாலைஞ்சு குடும்பப் பேர்தான் இருக்கு, அதாலை பட்டப்பேர் வைச்சுத்தான் கூப்பிடுவினம். எங்கடை ஊர் மாதிரித்தான்."

அரசாங்கம்?

"பெரிய நாடு ஒண்டின்ரை ஆட்சிக்குக் கீழைதான். எண்டாலும் சட்டம், வரி, பொலிஸ் எல்லாம் தங்கடை. பொலிஸ் எண்டா ஒரே ஒரு ஆள். மீனை ஐசிலை வைக்கிற கட்டிடத்துக்குப் பக்கத்திலை அவையின்ரை அசெம்பிளி. தபால் மந்திரிதான் தபால் கந்தோரிலை இருந்து முத்திரை குத்துறவர். அவரே வீடு வீடாக் கொண்டுபோயும் குடுப்பார்."

அதிகாரி லேசாகச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், அனுமதி இருந்திருந்தால்.

அங்கே மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

"ஆடு, மீன். தபால் முத்திரை அடிச்சு வெளிநாட்டுச் சனத்துக்கு விக்கிறது. எல்லாத்தையும் விடப் பெரிசு கொடி. தங்கடை கொடியை வேறை நாட்டுக் கப்பல்காரருக்குக் காசுக்குக் குடுத்துத்தான் அந்த அரசாங்கம் சீவிக்குது. நான் வேலை செய்த கப்பலும் அந்தக் கொடிதான் பிடிச்சது. தீவை அது கண்டது முதல் தரமா அண்டைக்குத்தான், எஞ்சின் பழுதாப்போய்."

கப்பலில் நடந்ததை அவன் சொன்னான். அதையும் 'நான்' என்றே சொன்னேன். அவனோடு வேலை செய்த ஒருவன் காய்ச்சலில் கிடந்து செத்தான். கரை காணும்வரை அவனை மீன் அறையில் மீனோடு வைத்திருந்தார்கள். அந்த அறையில் இருந்து மீன் எடுத்துத் தரம் பிரித்தது சீலன். எஞ்சின் திருத்தக் கப்பல் தீவில் கட்டியிருந்தபோது அவன் இறங்கி, மலைப் பக்கமாக ஓடிவிட்டான்.

கப்பலை விட்டு ஓடியவனை ஒளித்து வைப்பது அந்தத் தீவில் பெரிய குற்றம். கப்பல் முதலாளிகளுக்குக் கோபம் வந்தால் வேறு கொடிக்குப் போய்விடுவார்கள். அரசாங்கத்தின் வருமானம் போய்விடும். ஒளித்து வைத்தவரின் படகு அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டு நிலமும் அசெம்பிளியின் குத்தகைதான், அதுவும் போகும். பிறகு அந்தக் குடும்பம் தீவை விட்டுப் போகவேண்டியதுதான். இதையெல்லாம் சீலன் நிதானமாகச் சொன்னான்.

அப்போதுதான் அதிகாரி அவனுடைய வாக்குமூலத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தார். தமிழில் அவன் தன் கையால் எழுதியதை வெளியே யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். "அசெம்பிளி எனக்கு வசிக்க இடம் தந்தது என்று இதில் எழுதியிருக்கிறீர்களே" என்றார். அதில் அசெம்பிளி என்ற சொல், அரசாங்கச் சபையின் பெயர்போல, பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தது.

அந்தத் தீவின் அரசாங்கம் வசிக்க உரிமை கொடுத்திருந்தால், கனடா அவனை ஏற்கத் தேவையில்லை. போய் அங்கே இருக்கலாமே என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம்.

சீலனுக்கு விளங்கவில்லை. "எந்தச் சபை?" என்று என்னைப் பார்த்தான்.

நான் மூலத்தைக் காட்டும்படி கேட்டேன். பின்னால் இணைத்திருந்த தமிழ்ப் பக்கத்தில் கோணல் எழுத்தில் இருந்தது: அவை எனக்கு இருக்க இடம் தந்தவை. மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பேச்சுத் தமிழைக் கேட்டுப் பழகாதவருக்கு அது சபைதான். 'தந்தவை' என்பதை எழுத்துப்பிழை என்று எண்ணியிருப்பார்.

கையை உயர்த்தினேன். "மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல வேண்டும்." யாழ்ப்பாணத் தமிழில் அவை என்றால் அவர்கள், சபை அல்ல என்று விளக்கினேன். வழக்கறிஞர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி தலையை ஆட்டித் தன் குறிப்பில் வெட்டி எழுதினார். பெருமையாக இருந்தது எனக்கு. ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் ஒரு சொல்லால் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

"நன்றி" என்றார் அதிகாரி. "அப்படியானால், அந்த அவர்கள் யார்?"

சீலன் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான தீவு என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்றார் அதிகாரி. "அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர், அரசாங்கத்துக்குத் தெரியாமல், இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறார். யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். அவர்கள் யார் என்று சொன்னால் நான் நம்ப இடமிருக்கிறது. சொல்லாவிட்டால், அரசாங்கம் அனுமதி தந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது."

சீலன் என்னிடம் அல்ல, அவரிடமே நேராகக் கேட்டான். "பேரைச் சொன்னா அது எங்கை போகும்?"

அதிகாரி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பதிவில் இருக்கும். தீவின் நிர்வாகத்திடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டியும் வரலாம். அந்தப் பெயர் நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்று நான் உங்களுக்கு உறுதி தரமுடியாது." அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

வழக்கறிஞர் எழுந்து கெஞ்சினார். "சொல்லுங்கள். உங்கள் மனைவியும் மகளும் உங்களை நம்பி இருக்கிறார்கள்."

"அவைக்கும் பிள்ளையள் இருக்கு" என்றான் சீலன்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தமுறை அந்தச் சொல்லில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசித் தடவையாகக் கேட்கிறேன் என்றார். அவை என்றால் யார்?

"அவை எண்டா அவைதான்." பிறகு அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேர் இல்லாட்டி நம்பமாட்டியள் எண்டா, அப்ப அசெம்பிளி எண்டே இருக்கட்டும்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. பின்வரிசையில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தாமதிப்பதும் பிழைதான். "அசெம்பிளி என்றே இருக்கட்டும்" என்று நான் சொன்னேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பைச் சொன்னார்கள். அதிகாரி அறையிலேயே வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். "உங்கடை கதையை நான் ஏற்கேல்லை." அதுவும் 'நான்'தான். காலையில் அவனாக இருந்து மறுத்தேன், பின்னேரம் அவனை நானே மறுத்தேன். சீலன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வழக்கறிஞர் கடுதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்துவிட்டேன். மின்தூக்கியின் கதவு மூடப்போகும் நேரத்தில் அவன் ஓடிவந்து ஏறினான். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

"என்னோடை கதைக்கக் கூடாது, தம்பி."

"நீங்கள் கதைக்க வேண்டாம். கேட்டா மட்டும் போதும்."

ஒரு புருசன் பெண்சாதியின் பெயரைச் சொன்னான். அவர்களின் பட்டப்பெயரையும் சொன்னான். ஆட்டுக் கொட்டிலுக்கு மேலே பலகைத் தட்டுப் போட்டு, அதில் அவனை வைத்திருந்தார்களாம். பொலிஸ்காரர் அந்தப் பெண்ணின் சொந்தத் தமையன். ஞாயிற்றுக்கிழமையில் சாப்பிட வருவாராம். மேலே இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பானாம். தமையன் போன பிறகு அந்தப் பெண் முதலில் இவனுக்குத்தான் தட்டில் போட்டுக் கொண்டுவந்து தருவாளாம்.

"இனி எனக்கு ஏதும் நடந்தாலும், அவையைத் தெரிஞ்ச ஒரு தமிழன் இருக்கட்டும்" என்றான். கதவு திறந்தது. அவன் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

மூன்றாவது சட்டப்படி நான் மார்த்தாவிடம் போனேன். மின்தூக்கியில் என்னோடு கதைத்தார் என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். குளிரைப் பற்றி என்றேன். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது, ஆடி மாதம். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெப்பர்மின்ட்டைக் கடிக்கவில்லை. "இன்று நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்" என்றார். என் வேலைக்காலம் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான். அதைக் கேட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் இருந்தேன்.

மேன்முறையீடும் சரிவரவில்லை. சீலனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அந்த வழக்கறிஞரை ஒரு நடைக்கூடத்தில் கண்டேன். சீலனின் மனைவி தொலைபேசி எடுத்தாராம். விமானம் வந்ததாம், ஆள் வீட்டுக்கு வந்து சேரவில்லையாம். எங்கே விசாரிப்பது என்று கேட்டு அழுதாராம். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மகளுக்கு இப்போது கலியாண வயது வந்திருக்கும்.

நான் கை உயர்த்தியது பிழை என்று சொல்லமாட்டேன். திரும்ப நடந்தாலும் உயர்த்துவேன், வேறென்ன செய்வது? ஆனால் சொல்லைச் சரியாகச் சொன்னால் போதும், மனிதர் தப்பிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவன் என்னுள் இருந்தான். அவன் அன்றோடு சரி. பிறகு செய்ததெல்லாம் வேலை.

அந்தப் புருசன் பெண்சாதிக்கு ஒரு வரியாவது எழுதலாமே என்று எத்தனையோ முறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கனடாவில் சுகமாக இருக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு கடிதம் போடாமல் மறந்துவிட்டானே என்று மனவருத்தப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். அதுதான் என்னை அரிக்கிறது. ஆனால் அந்தத் தீவில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர் மந்திரி. ரொறொன்ரோவில் இருந்து ஒரு தமிழ்ப் பெயர் போட்ட உறை எதற்கு அந்த வீட்டுக்கு வருகிறது என்று அவர் யோசிக்காமல் இருப்பாரா? அவன் உயிரைக் கொடுத்து மூடிவைத்ததை நான் ஒரு முத்திரை ஒட்டித் திறக்கக்கூடாது. கடிதம் இன்னும் எழுதவில்லை.

மார்க்கம் கூட்டத்துக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கியதும், இயந்திரத்துக்குப் பொறுப்பான சென்னைப் பையன் ஒலிவாங்கியோடு என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை.

"சார், சூப்பர் எக்ஸாம்பிள் சார். அந்த 'அவை'ன்னா இங்க யாருன்னு கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா, மெஷின் கத்துக்கும். யார் சார் அவங்க?"

முழுக் கூட்டமும் என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த தரணி, "சொல்லுங்கோ அங்கிள்" என்று முழங்கையால் இடித்தாள். இரண்டு பெயரும் பட்டப்பெயர்களோடு என் நாக்கில் வந்து நின்றன. மறந்துவிடக்கூடாது என்று தினமும் ஒருமுறை எனக்குள் சொல்லிக்கொள்கிற பெயர்கள். அவன் ஒலிவாங்கியை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"அவை எண்டா அவைதான், தம்பி" என்றேன்.